முயலின் வயிறும் மகளின் பத்தியமும்

ஒரு நாள் காலையில் முயல் பெட்டியின் அடித்தாளை உருவினேன். புழுக்கை ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் இருந்தவையும் உருண்டையாக இல்லாமல் களிபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. வைத்த கொத்தமல்லித் தழை வைத்தபடியே வாடிக் கிடந்தது. முயல் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. வயிறு ஊதின பந்துபோல் இருந்தது. யாரோ எதையோ கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

வீட்டில் முயல் வளர்ப்பவர்களுக்காகவும், நோயில் கிடந்து எழுந்த பிள்ளையைச் சாப்பிட வைக்கப் படாதபாடு படுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாக நடந்தன.

என் மகள் வசந்திக்கு அப்போது ஒன்பது வயது. டைபாய்டு (குடலைப் புண்ணாக்கும் காய்ச்சல்) வந்து மூன்று வாரம் படுத்துவிட்டாள். காய்ச்சல் இறங்கிய பிறகும் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் காய்ச்சல் திரும்பிவிடும், ஆகாரம் உள்ளே போகாவிட்டால் பிள்ளை எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேப்சூலை (மருந்துத் தூள் அடைத்த கூடு) விழுங்கச் சொன்னால் துப்பினாள். அதனால் அதைப் பிரித்துப் பாலில் கரைத்து, பன்னை ஊறவைத்து, அவளுக்குத் தெரியாமல் கொடுத்து வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவியின் தம்பி பாண்டி ஒரு வெள்ளை முயலைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான். போடியிலிருந்து குரங்கணி மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். வசந்தி தட்டை எடுத்துக்கொண்டு முயல் பெட்டியின் அருகே போய் உட்கார்ந்தாள். யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தட்டில் பாதியாவது காலியாகியிருக்கும். முயல் தின்றால் இவளும் தின்பாள் என்று நாங்கள் கண்டுகொண்டோம். ஆகவே முயல் தின்னாமல் போன அன்று, இனி இவளும் தின்னமாட்டாள் என்று பயந்தேன்.

நான் ஏலக்காய் மண்டியில் தரம் பார்க்கிறவன். மூட்டையின் வாயில் நல்ல பச்சைக் காய் தெரிந்தால், அடியில் கைவிட்டு, உள்ளே விதையில்லாத பொக்கைக் காயைத் தேடுவேன். வீட்டிலும் அதே புத்திதான். டைபாய்டு வந்ததும் ஐஸ் விற்றவர், பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானை, அடுத்த வீட்டு மோர் என்று என்னிடம் ஒரு குற்றவாளிப் பட்டியலே இருந்தது.

முயலுக்கு வந்த கீரையையும் நான் நம்பவில்லை. மலையில் அடித்த பூச்சிமருந்து அதில் இருக்கும் என்று பெர்மாங்கனேட் (கிருமியைக் கொல்லும் ஊதா உப்பு) தண்ணீரில் ஊறப்போட்டு, சொட்டச் சொட்ட எடுத்து வைப்பேன். பாண்டி ஒரு கட்டு காய்ந்த புல்லும் கொண்டுவந்திருந்தான். எலி மூத்திரம் பட்டிருக்கும் என்று அதைக் கொல்லையில் வீசிவிட்டேன். காய்ந்ததைப் பஞ்சகாலத்தில் மாட்டுக்குப் போடலாம், என் மகளைச் சாப்பிட வைக்கிற ஜீவனுக்கா போடுவது என்ற நினைப்பும் இருந்தது.

அன்று காலையே முயலைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் அதன் வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“இதுக்கு என்ன போடுறீங்க?”

“கீரை, முட்டைக்கோசு, கேரட்டு. எல்லாம் நல்லா அலசித்தான் சார் போடுறேன்.”

“காஞ்ச புல்லு?”

“அது தூசி சார். போடுறதில்ல.”

“முயலுக்கு முக்கால் வயிறு காஞ்ச புல்லுய்யா. பச்சை கால் வயிறுதான். நார்ச்சத்து (குடலை நகர்த்தும் சக்கை) இல்லாம குடல் நின்னுபோச்சு, காத்து அடைச்சிருக்கு.” பிறகு அதன் வாலடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். “புளிச்ச வாடை அடிக்குது. ரொட்டி, பன்னு மாதிரி மாவுப் பண்டமும் தின்னிருக்கு. யார் குடுக்கிறது?”

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நேரே ஜீப்பு நிற்கும் இடத்துக்குப் போனேன். பாண்டி லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

“ஏன் மாப்ளே, முயலுக்குப் பன்னு குடுத்தியா?”

“நான் கொண்டாந்த முயலை நானே கொல்லுவனா மச்சான்? புல்லுக்கட்டைத் தூக்கி எறிஞ்சது நீங்க. போயி உங்க வீட்ல விசாரிங்க” என்றான். பத்துப் பேர் பார்க்க ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் என் மனைவி பேச்சியிடம் கேட்டேன். “ஆமா, நாந்தான் வெஷம் வச்சேன். அடுத்து அந்த அம்மிக்கல்லையும் விசாரிச்சிருங்க” என்றாள்.

அன்று மத்தியானம் வசந்தியின் தட்டை வைத்துவிட்டுப் போவதுபோல் போய், ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் பன்னில் ஒரு துண்டு பிய்த்து முயலின் வாயருகே நீட்டினாள். அது முகத்தைத் திருப்பியது. உடனே தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். நான் உள்ளே போனேன்.

“நீதானா ஆத்தா? அதுக்கு எதுக்குக் குடுக்குற?”

அவள் பயப்படவில்லை. “நீ மருந்து கலப்பேல்லப்பா. மொதல்ல அதுக்குக் குடுத்துப் பாப்பேன். அது தின்னா நானும் திம்பேன்.” பிறகு பெட்டியைப் பார்த்தாள். உதடு கோணியது. “அது செத்துப்போயிருமாப்பா?”

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் நான். என் சந்தேகம் ஒன்றாவது சரியாக இருந்ததா? இந்தப் பிள்ளையின் சந்தேகம் சரியாக இருந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

புதுக் கேப்சூல் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். “இதுதான் மருந்து. பிரிச்சா கசக்கும், முழுசா விழுங்கினா கசக்காது. பன்னுல இனிமே ஒண்ணும் கலக்க மாட்டேன்.” அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். முதல் தடவை குமட்டியது. இரண்டாம் தடவை இறங்கிவிட்டது.

மறுநாள் பாண்டி வாசலில் ஒரு புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு என்னிடம் பேசாமல் போனான். பேச்சி சொல்லியனுப்பியிருக்கிறாள். மாட்டு டாக்டர் சொன்னபடி கீரையை அடியோடு நிறுத்தி, தண்ணீரும் காய்ந்த புல்லும் மட்டும் வைத்தோம். வயிற்றைச் சூடான துணியால் மெல்லத் தடவிவிட்டோம். முதல் நாள் அது ஒரு புல் தாளைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் நாள் ஒரு தாளைக் கடித்து இழுத்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நான்கு புழுக்கை, உருண்டையாக, உலர்ந்து. நான் பேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஏலக்காயைக்கூட இம்புட்டு ஆசையாப் பாத்ததில்ல நீங்க” என்று சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் பச்சை கொடுத்தோம். ஒரு கைப்பிடி கொத்தமல்லி, கழுவி ஈரம் போகத் துடைத்தது. அது ஒத்துக்கொண்ட பிறகே அடுத்த தழை. முட்டைக்கோசையும் பன்னையும் அடியோடு விட்டுவிட்டோம். காய்ந்த புல் மட்டும் எந்நேரமும் பெட்டியில் இருக்கும். பாண்டியின் வீட்டுக்கு நானே போய், “தப்பு என் மேலதான் மாப்ளே” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வசந்தி சாப்பிட்டாள். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். சந்தேகத்தோடு ஒருவர் நம்மைப் பார்த்தால் அது உடம்பில் எங்கே படும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நெஞ்சுக்குழியில் படுகிறது. நாள் முழுக்க அங்கேயே கிடக்கிறது. அவள் பார்வை எப்போது என்னை விட்டு விலகும் என்று ஒவ்வொரு வேளையும் காத்திருந்தேன். அவள் உடம்பு தேறி, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, ஒரு நாள் தட்டில் மட்டும் கண் வைத்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக இப்படிச் சாப்பிடுகிறாள் என்று பேச்சியிடம் கேட்டேன். “அது ஆச்சே ரொம்ப நாளு” என்றாள். நான் கவனிக்கவே இல்லை.