ரப்பர் கொட்டையில் ஒரு பாடம்

வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதென்றால் காலையில் சப்பாத்து மாட்டி, மணியடித்து, அதட்ட வேண்டும் என்று நம்பியவன் நான். ஈப்போ வீட்டு வரவேற்பறையில் அப்படியே செய்தேன். மகள் எழுத்துக்கூட்டவே மறுத்தாள். இவள் கடைசிவரை தன் பெயரைக்கூட எழுதமாட்டாளோ என்று பயந்தேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க லா," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை சுங்காய் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். மரத்தில் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. மகள் பை நிறைய ரப்பர் கொட்டை பொறுக்கினாள். சிமெண்டில் தேய்த்தால் கொட்டை சூடேறும் என்று காட்டினேன். உடனே என் கையிலேயே வைத்துச் சுட்டாள். நான் நடத்தியதில் அவளுக்கு ஏறிய ஒரே பாடம் அதுதான்.

மறுநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. எழுத்துக்கூட்டச் சொல்லிவிட்டு நாற்காலியில் காலை மடக்கிச் சாய்ந்தேன். கூரைச் சத்தம் என்னை எங்கோ மிதக்கவிட்டது. கண் திறந்தபோது தரையெங்கும் பழுப்புப் புள்ளிகள் நீந்தின.

"காலைக் கீழ வைக்காதீங்கப்பா! மிதிச்சிடுவீங்க லா!"

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அத்தனை கொட்டையையும் அடுக்கி, 'அப்பா தூங்குறாரு' என்று எழுதியிருந்தாள்.