‘வசிக்க இடமின்றி’ என்று நான் அடித்த வரி

தென்காசியில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பலகையில் ஜெராக்ஸ் என்று போட்டிருந்தாலும் எனக்குச் சோறு போடுவது மனு. முதியோர் உதவித்தொகையா, பட்டா மாறுதலா, தெருக்குழாயா, வந்தவர் இரண்டு வரி சொல்வதற்குள் மீதியை நானே அடித்து முடித்துவிடுவேன். எந்த அதிகாரிக்கு எந்த வார்த்தை பிடிக்கும், எங்கே ‘கருணை கூர்ந்து’ வர வேண்டும், எங்கே ‘தாழ்மையுடன்’ வர வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமா, நிறையவே உண்டு.

அந்தப் பிள்ளைகள் முதல்முறை கடைக்கு வந்தபோது நான் சிரித்துவிட்டேன். ஆறேழு பேர். முன்னால் நின்றவள் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். பருவநிலை மாற்றத்தைப் பற்றி மக்களிடம் பேசக் குற்றாலத்தில் நிற்கப் போகிறார்களாம். ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று பெரிதாக ஒரு பிளெக்ஸ் வேண்டுமாம்.

“ஏட்டி, பிளெக்ஸே பிளாஸ்டிக்தானட்டி?” என்றேன்.

அவள் முகம் தொங்கிப்போனது. பிறகு அவளே முதலில் சிரித்தாள். வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த பழைய வெள்ளை வேட்டியில், கடைத் தரையில் உட்கார்ந்து பெயிண்டால் எழுதினார்கள். எழுத்து கோணலாகப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் பிரஷ்ஷைப் பிடுங்கி நானே எழுதினேன். எழுதிக் கொடுத்தவள் பிடிக்காமல் இருக்க முடியுமா? மறுநாள் வேட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் குற்றாலத்தில் நின்றேன்.

சாரல் காலம் தொடங்கிப் பல நாளாகியும் சாரல் இல்லாத வருஷம் அது. அருவி இருக்க வேண்டிய இடத்தில் பாறை வெயிலில் காய்ந்தது. துண்டும் எண்ணெய் பாட்டிலுமாக வந்தவர்கள் எங்களைப் பார்த்து, “தண்ணி எப்ப விடுவாவ?” என்று கேட்டார்கள். மேலே ஏதோ குழாயைத் திருகினால் அருவி கொட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

“மலை மேல பளியர்னு பழங்குடி ஜனங்க குடியிருப்பு ஒண்ணு இருக்குக்கா,” என்றாள் புளியங்குடிப் பெண். “போன கோடையில காடு பத்திக்கிட்டப்ப பச்சைக் கொப்பை ஒடிச்சு அடிச்சு அணைச்சது அவங்கதான். அந்தக் காட்டுல ஊறுத தண்ணிதான் ஓடையா கீழ வருது. இப்ப வனத்துறைக்காரவ அவங்களையே கீழ இறங்கச் சொல்லுதாவ. நாம இங்கன துணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதைவிட அவங்க கூட நிக்கணும்க்கா.”

அந்தக் குடியிருப்பின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊரார் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இருபத்தைந்து வீடுகள் இருக்கும். தலைமுறை தலைமுறையாக இருக்கும் காட்டில் இருக்கவும் தேன், கிழங்கு எடுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. அதற்கு எழுத்தில் கேட்க வேண்டும். “நீங்கதான் நல்லா எழுதுவியளே அக்கா” என்றாள் புளியங்குடிப் பெண். இந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்து தந்தாள். அன்றைக்குக் கடையில் கூட்டம். நோட்டை முழுதாகப் படிக்கவில்லை. இருபது வருஷமாக வீட்டுமனை கேட்டு வருகிறவர்களுக்கு அடித்துத் தரும் மனு ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் திறந்தேன். ஊரை மாற்றினேன், பெயர்களை மாற்றினேன், நடுவில் காடு, தேன் என்று இரண்டு பத்தி சேர்த்தேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. என் மேல் இருந்த நம்பிக்கையில் அவளும் சரிபார்க்கவில்லை. மலைக்குக் கொண்டுபோய்க் கைநாட்டு வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. நானே வாங்கிப் படித்தேன். மனுதாரர்கள் தாங்கள் ‘வசிக்க இடமின்றி மிகவும் சிரமப்பட்டு’ வருவதாகத் தெரிவித்துள்ளதால், அவர்களுக்குச் சமவெளியில் வீட்டுமனை வழங்குவது குறித்துப் பரிசீலிக்கப்படும், விசாரணைக்கு இன்ன நாளில் வர வேண்டும் என்று இருந்தது.

அது என் வரி. வீட்டுமனை மனுவில் முதல் பத்தியிலேயே வரும் வரி. அந்த மலையிலேயே பிறந்து, செத்தவர்களை அங்கேயே புதைத்து வாழும் ஜனங்களை, இடம் இல்லாதவர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறேன். இந்த விசாரணையில் அதை ஒப்புக்கொண்டுவிட்டால் மலையை விட்டு அவர்கள் இறங்க வேண்டியதுதான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். கிணற்றை வெட்டியதும் நான், பூதமும் நான்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. “எல்லா மனுவிலயும் அப்படித்தான் எழுதுவோம், அதைப் போயி யாராவது பிடிச்சுக்கிடுவாவளா?” என்று கத்தினேன். அவள் கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்தாள். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் தப்பித்திருப்பேன்.

அந்த வாரம் நான் மலை ஏறினேன். வடகரையில் பிறந்தவள் நான். வீட்டு வாசலில் நின்றாலே மலை தெரியும். ஆனால் அதில் கால் வைத்தது அன்றைக்குத்தான். பாதி வழியிலேயே முழங்கால் என்னிடம் மனு கொடுக்க ஆரம்பித்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்ததும் குடியிருப்பின் தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவளாக இருப்பாள். கேட்டதும் அவள் முகம் கறுத்தது.

“இடம் இல்லேன்னா எழுதுனிய? அப்ப நாங்க இத்தனை நாளும் எங்கன இருந்தோம்க்கா, மேகத்துலயா?”

எனக்குத் தலை குனிந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் வீட்டுக்குள் போனாள். ஒரு பாயை எடுத்து வந்து விரித்தாள்.

“சரி, உக்காருங்க. இந்தத் தடவை நாங்க சொல்லுததை மட்டும் எழுதுங்க.”

நாள் முழுக்க எழுதினேன். எந்தப் பாறையில் எந்தக் குடும்பம் தேன் எடுக்கும் என்று சொன்னார்கள். ஒருவர் பாறையில் இன்னொருவர் கை வைக்க மாட்டார். பாறையில் கயிறு கட்டி இறங்கும்போது மேலே கயிற்றுக்குக் காவல் இருப்பவன் மச்சானாக இருக்க வேண்டும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். “அண்ணன் தம்பின்னா பங்காளிச் சண்டையில விட்டாலும் விட்டுருவான். மச்சான் விடமாட்டான். விட்டா அவன் தங்கச்சிதானே தாலியறுப்பா?” என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். இப்படியொரு சாட்சியத்தை என் கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த மனுவும் கண்டதில்லை.

ஒவ்வொரு பத்தி முடிந்ததும் படித்துக் காட்டச் சொன்னாள் தலைவி. பழக்க தோஷத்தில் கடைசியில், ‘ஆகவே கருணை கூர்ந்து’ என்று படித்தேன்.

“அது எதுக்கு?” என்றாள்.

“மரியாதைக்கு.”

“ஐயான்னு போட்டுருக்கியள்லா, அந்த மரியாதை போதும். கருணை எதுக்கு? நாங்க புதுசா எதையும் தாங்கன்னு கேக்கலக்கா. இங்கன இருக்கோம்னு சொல்லுதோம்.”

அதைக் கோடு போட்டு அடித்தேன். இருபது வருஷத்தில் கருணை இல்லாமல் நான் எழுதிய முதல் தாள் அது. படித்துப் பார்த்ததும் எனக்கே முதுகு நிமிர்ந்தது.

புதிய தாள் இருந்தால் போதுமா? பழைய தாளிலும் அவர்கள் கைநாட்டு இருக்கிறதே. அது எப்படி வந்தது என்று யாராவது எழுந்து சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான். சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன்.

“மனு அடிக்கவளே தப்பா அடிச்சேன்னு சபையில சொன்னா கடைப் பேரு கெட்டுரும்லா?” என்றார்.

“கெடட்டும் மச்சான்.”

“சரி, போயிட்டு வா. சத்தமாப் பேசு,” என்றார். அவரைக் கட்டிக்கொண்டதற்கு நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

மலையடிவாரத்தில் ஒரு கூடத்தில் விசாரணை நடந்தது. குடியிருப்பிலிருந்து கைக்குழந்தைகள் உட்பட எல்லோரும் இறங்கி வந்திருந்தார்கள். புளியங்குடிப் பெண்ணும் அவள் கூட்டாளிகளும் பின்னால் நின்றார்கள். அடிவாரத்து ஊர்க்காரர்களும் நிறையப் பேர். அதில் பாதிப்பேர் என் கடைக்கு மனு எழுத வருகிறவர்கள். அதிகாரி பொறுமையான மனிதர்தான். பழைய மனுவை எடுத்து அந்த வரியை வாசித்தார். “இடம் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இப்போ மலையில இருக்கோம்னு சொல்றீங்க. எது நிஜம்?”

நான் எழுந்தேன். “ஐயா, அந்த வரி அவங்க சொன்னதில்ல. நான் அடிச்சது. வீட்டுமனை கேக்கவங்களுக்கு வழக்கமா அடிக்குத மனுவில பேரை மட்டும் மாத்திக் குடுத்துட்டேன். அவங்களுக்குப் படிச்சும் காட்டல.”

கூடத்தில் சலசலப்பு. பின் வரிசையில் யாரோ, “அப்ப நம்ம மனுவெல்லாம்?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. காது மடல் எரிந்தது.

“படிச்சுக் காட்டாம எப்படிம்மா கைநாட்டு வாங்குனீங்க?” என்றார் அதிகாரி.

“திமிர்தான் ஐயா. எனக்கு எல்லாம் தெரியும்ங்கிற திமிரு.”

அப்போது தலைவி எழுந்தாள். “அந்தக்கா எழுதுனது தப்பு. அதுக்கு மேல வந்து எங்க முகத்தைப் பாத்துச் சொன்னாவ, இப்ப உங்க முகத்தைப் பாத்தும் சொல்லுதாவ. எழுதுனதைத் தப்புன்னு சொல்ல யாரும் மலை ஏறி நாங்க பாத்ததில்லைங்கய்யா. இந்தப் புதுத் தாளு நாங்க சொன்னது. ஒவ்வொரு வரியா கேட்டுட்டுத்தான் விரல் வச்சோம். வேணும்னா இதுல எந்தப் பாறையைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கிட்டு வழி சொல்லுதோம்.”

அதிகாரி கேட்டார். ஒன்றிரண்டு இல்லை, தாளில் இருந்த ஒவ்வொன்றையும் கேட்டார். ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அவர் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஊர் முழுவதற்கும் எழுதியிருக்கிறேன், எதன் கீழும் என் பெயர் இருந்ததில்லை. அன்றைக்குத் தெளிவாகப் போட்டேன்.

அதற்குப் பிறகு அளக்க வந்தார்கள், திரும்ப வந்தார்கள். ஒரு கோடையும் ஒரு சாரலும் போயின. கடைக்கு வந்தவர்களில் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். மிச்சம் பேர், “படிச்சுக் காட்டுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். நல்லதுதான். பிறகு ஒருநாள் குடியிருப்பிலேயே கூட்டம் போட்டு உரிமைச் சான்றைக் கொடுத்தார்கள். தலைவி அதை வாங்கிய கையோடு என்னிடம் நீட்டினாள். “படிங்கக்கா.”

படித்தேன். குடும்பங்களின் பெயர்கள் முடிந்து நான்கெல்லைக்கு வந்தேன். கிழக்கே தேன்பாறை என்று அரசாங்க எழுத்தில் இருந்தது. படிப்பதை நிறுத்திவிட்டு அந்த வரியை விரலால் தடவினேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள். குடித்துவிட்டு, “மேற்கே” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் என்னைப் படிக்க விடவில்லை. எழுத்தே தெரியாத அந்த ஜனங்கள் மேற்கையும் வடக்கையும் தெற்கையும் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள். நான் தாளில் விரலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு சொல் பிசகவில்லை.