பென்னாகரம் சாலையில் ஒரு வரி விளம்பரம்

சனிக்கிழமை, காலை பத்தரை மணி. சென்னையிலிருந்து ஏறத்தாழ இருநூற்றெண்பது கிலோமீட்டர் வந்து மொரப்பூரில் இறங்கினோம். எங்களோடு இறங்கியவர்கள் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். தை மாத வெயில் முதுகுக்கு இதமாக இருந்தது. நிலையத்துக்கு வெளியே தேநீர் குடித்துவிட்டுத் தருமபுரி பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய், இருபத்தொன்பது கிலோமீட்டர்.

‘எங்களோடு’ என்று எழுதிவிட்டேன். நாங்கள் என்பது நானும் இளங்கோவும். நான் சென்னையில் சின்னதாக ஒரு சுற்றுலா நிறுவனம் நடத்துகிறேன். இளங்கோ பிசியோதெரபிஸ்ட். இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. பதினோரு வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறோம், ஒரு தம்பதி எப்படி வாழுமோ அப்படி. எங்களைக் குற்றவாளிகள் என்று சட்டம் சொல்லுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இதை அச்சில் எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை.

இந்தப் பயணத்துக்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த புதன்கிழமை சென்னையில் சுற்றுலா நடத்துபவர்கள் கூடிப் பேசுவதாக இருந்தது. தன்பாலீர்ப்பு கொண்ட பயணிகளை ‘எங்கள் நகரத்துக்கு வாருங்கள்’ என்று விளம்பரம் செய்து அழைக்கலாமா, கூடாதா என்பதுதான் பேச்சு. வெளிநாட்டு நகரங்கள் பல அப்படி அழைக்கின்றன. என்னையும் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் அழைக்கலாம் என்ற கட்சி. இளங்கோ எதிர்க்கட்சி. ரயிலில் ஜோலார்பேட்டை வரும்வரை அதே சண்டைதான்.

“கலர் கலரா போர்டு வைப்பீங்க. அதை நம்பி வர்றவனை லாட்ஜ் வாசல்ல நிக்கிற ஆளு ஒரு பார்வை பார்ப்பானே, அதுக்கு என்ன பண்ணுவீங்க? இப்ப நம்மளை யாரும் கண்டுக்கறதில்ல. அந்த நிம்மதியையும் கெடுத்துடாதீங்க” என்றான்.

அவன் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் ஊர் விடுதிகளில் ஒரு ஆணும் பெண்ணும் போய் நின்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இரண்டு ஆண்கள் போனால் ஒரு கேள்வியும் கிடையாது. ‘ஃபிரெண்ட்ஸ்’ என்றால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. எந்த ஊரில் தங்கினாலும் காலையில் அறையை விட்டுக் கிளம்புமுன் நான் இரண்டாவது கட்டிலின் போர்வையைக் கலைத்துப் போடுவேன். தலையணையை நடுவில் ஒரு குத்துக் குத்திப் பள்ளமாக்குவேன். சுத்தம் செய்ய வருகிறவர்கள் அங்கேயும் ஒருவர் படுத்திருந்தார் என்று நினைக்கவேண்டும். பதினோரு வருடங்களாக யாரும் படுக்காத கட்டில்களைக் கலைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒகேனக்கலுக்கு அருகில் தங்க இடம் தேடியபோது இணையத்தில் ஒரு வீடு கண்ணில் பட்டது. மாந்தோப்புக்குள் இரண்டு அறை, வீட்டுச் சாப்பாடு. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: எந்த ஜோடியாக இருந்தாலும் வரலாம், இங்கே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதிவு செய்தேன். ஒரு இரவுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு.

பன்னிரண்டு மணி. தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வீட்டுக்காரர் மாதப்பன் தன் பழைய காரோடு வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மாந்தோப்பும் கொஞ்சம் ராகி வயலும் வைத்திருக்கும் விவசாயி. பென்னாகரம் சாலையில் இருபத்தைந்து கிலோமீட்டர் போகவேண்டும். பாதி வழியில் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, “ரெண்டு பேரும் அண்ணன் தம்பிங்களா?” என்று கேட்டார்.

“ஃபிரெண்ட்ஸுங்க” என்றேன், பழக்கதோஷம். இளங்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தோப்பு முழுக்க மாமரங்கள் பூத்திருந்தன. காரை விட்டு இறங்கியதும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. மாதப்பனின் மனைவி சரோஜா அறையைத் திறந்துவிட்டார். சுத்தமான, வெளிச்சமான அறை. ஒரே ஒரு பெரிய கட்டில்.

“நாலு பேர் வந்தாங்கன்னா இன்னொரு கட்டில் போட்டுத் தருவோம். உங்களுக்கும் போடச் சொல்லட்டுங்களா?”

போடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் இளங்கோ முந்திக்கொண்டான். “வேண்டாங்கக்கா. எங்களுக்கு இது போதும்.”

அவர் எங்கள் இருவரையும் ஒரு கணம் பார்த்தார். “சரிங்க” என்றார். உள்ளே போய் இன்னொரு தலையணையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “களி ஆறிடும், வாங்க” என்று கூப்பிட்டார். ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

மாலை மூன்று மணி. அங்கிருந்து ஒகேனக்கல் இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பரிசலுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், நான்கு பேர் வரை போகலாம். நாங்கள் இருவர் மட்டுமே போனோம். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, “எதிர் எதிரா உக்காருங்க சார். ஒரே பக்கமா சாயாதீங்க” என்றார் பரிசல்காரர். அக்கரையிலிருந்து வந்த பரிசல்காரரோடு கன்னடத்தில் பேச்சு, எங்களோடு தமிழ். இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்து வந்தன.

காவிரி அங்கே பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகிறது. இருபுறமும் செங்குத்தாகக் கல்சுவர். அருவிச் சாரல் முகத்தில் விழுந்தபோது பரிசல்காரர் துடுப்பை ஒரு திருப்புத் திருப்பினார். பரிசல் பம்பரமாகச் சுழன்றது. பயத்தில் இளங்கோவின் கையைப் பிடித்தேன். சுழற்சி நின்ற பிறகும் விடவில்லை. பரிசல்காரர் அதைப் பார்த்துவிட்டுத் துடுப்பைப் போட்டார். அங்கே எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கரையேறி வறுத்த மீன் சாப்பிட்டோம். தட்டு நூறு ரூபாய், காரம் தலைக்கு ஏறியது.

மாலை ஆறரை மணிக்குத் திரும்பினோம். சரோஜா சமையலறை வாசலில் ஊறவைத்த அவரைக்கொட்டையை உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தார். விரலால் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு தனியாகக் குதிக்கும். பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு. நாங்களும் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தோம். உள்ளே மாதப்பன் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கலாங்களா?” என்றார் சரோஜா, கையை நிறுத்தாமல். “நீங்க ரெண்டு பேரும்… சேந்து வாழறவங்களா?”

அறையில் இருக்கும் பைகள், இருட்டிவிட்ட சாலை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. இளங்கோ பிதுக்கிய பருப்பைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்:

“ஆமாங்கக்கா. பதினோரு வருசமா.”

சரோஜா அடுத்த கொட்டையைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டார். பிறகு அவர் கேட்டார்: “வூட்ல சோறு ஆக்கறது யாருங்க?”

இளங்கோ சிரித்துவிட்டான். “நான்தாங்க. அவரு பாத்திரம் கழுவுவாரு. பாதி நாள் அதையும் நானே திருப்பிக் கழுவணும்.”

அவரும் சிரித்தார். அதன் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்த்துக்கொள்வது? போன வருடம் இளங்கோவுக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், நான் பக்கத்து நாற்காலியிலேயே தூங்கியதையும் சொன்னேன். சண்டை வருமா? வரும் என்றோம். பெற்றவர்களுக்குத் தெரியுமா? என் அம்மாவுக்குத் தெரியும் என்றேன். ஒரு வருடம் பேசாமல் இருந்தார், இப்போது போன் செய்தால் அவன் சாப்பிட்டானா என்றுதான் முதலில் கேட்கிறார். இளங்கோவின் அப்பா இன்னும் பேசுவதில்லை. அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது.

“உங்க அப்பாவுக்கு என்னா கோவமாம்?”

“கோவம் இல்லீங்கக்கா. பயம்னு நினைக்கிறேன். வயசான காலத்துல நான் தனியா நிப்பேன்னு பயம்.”

சரோஜா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் தன் கதையைச் சொன்னார். ஒரே மகள் ரம்யா, பெங்களூரில் வேலை. இந்த இரண்டு அறைகளையும் இணையத்தில் போட்டது அவள்தான். போன தீபாவளிக்கு முன்னால் போனில் சொல்லியிருக்கிறாள்: நிமிஷா என்ற பெண்ணோடுதான் வாழ்கிறேன், அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று. நிமிஷாவுக்குத் திருச்சூர் பக்கம். மாதப்பன் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டார். தீபாவளிக்கு அவள் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை.

யார் வந்தாலும் கேள்வி கேட்கமாட்டோம் என்று எழுதிய பெண்ணால் தன் வீட்டுக்கு வரமுடியவில்லை. நான் இளங்கோவைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

“அவகிட்ட கேக்கறதுக்கு எனக்கு நெறைய இருந்துச்சுங்க. கேட்டா திட்டறதா நெனச்சுக்குவாளோன்னு கேக்கல. இந்த ஊர்ல நான் யார்ட்டப் போயி கேப்பேன்? அப்படி வாழறவங்கள நான் ஆயுசுல பாத்ததில்ல. பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது.”

புதன்கிழமைப் பேச்சைப் பற்றி அவரிடம் சொன்னேன். எங்களைப் போன்றவர்களை வாருங்கள் என்று ஊர்கள் விளம்பரம் போடலாமா என்று கேட்டேன்.

“போடச் சொல்லுங்க” என்றார் உடனே. “வர்றவங்களுக்காக மட்டும் இல்லீங்க. வந்தாத்தான நாங்களும் பாப்போம்? பாத்தாத்தான சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களான்னு கேக்க வாய் வரும்?”

இளங்கோ விடவில்லை. “ஊர்ல நாலு பேர் பேசுவாங்களேக்கா?”

“இப்ப மட்டும் பேசாமயா இருக்காங்க? மகளுக்கு முப்பத்தொண்ணு ஆச்சே, ஏன் இன்னும் கல்யாணம் பண்ணலன்னு தெனம் ஒருத்தர் கேக்கறாங்க.”

உள்ளே டிவி எப்போது நின்றது என்று நாங்கள் கவனிக்கவில்லை. இரவு மாதப்பன் எங்களோடுதான் சாப்பிட உட்கார்ந்தார். மாம்பூவில் விழும் பூச்சியைப் பற்றி மட்டும் பேசினார்.

ஞாயிறு காலை எட்டு மணி. சரோஜா காபியோடு வந்து, “உங்களப் பத்தி ரம்யாகிட்டச் சொல்லலாங்களா?” என்று அனுமதி கேட்டார். சொல்லுங்கள் என்றோம். எங்கள் எதிரிலேயே மகளை அழைத்தார்.

“கண்ணு, நம்ம வூட்டுக்கு ரெண்டு பேர் வந்திருக்காங்க. நீயும் அந்தப் புள்ளையும் மாதிரி. பதினோரு வருசமா ஒண்ணா இருக்காங்களாம்…” சரோஜா போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். “கேக்குதா? நீ வரும்போது அவளையும் கூட்டிட்டு வா.”

அழுகைக்கு நடுவே ஒரு கேள்வி எங்களுக்கும் கேட்டது: “அப்பா?”

மாதப்பன் பத்தடி தள்ளி ஒரு மரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சரோஜா அவரைப் பார்த்தார். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தோப்புக்குள் நடந்து போய்விட்டார். “வா கண்ணு, நான் இருக்கேன்” என்று சொல்லி சரோஜா போனை வைத்தார்.

அறைக்குப் போய்ப் பைகளைக் கட்டினோம். கட்டிலை ஒழுங்காக விரித்து, இரண்டு தலையணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கலைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அந்தச் சின்ன விஷயத்துக்கு எனக்குக் கண் கலங்கியது.

பதினொரு மணி. தருமபுரிவரை கொண்டுவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் பேருந்து நிலையத்தில் மாதப்பன் காரை நிறுத்தவில்லை. “மொரப்பூருக்கே வுட்டுடறேன்” என்றார். நான் புதன்கிழமை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நகரம் அழைக்கட்டும். ஆனால் அழைக்குமுன் வாசலில் நிற்பவரிடமும், அறையைத் திறந்துவிடுபவரிடமும், ஆட்டோ ஓட்டுபவரிடமும் பேசட்டும். இளங்கோ சொன்ன பயமும் சரோஜா சொன்ன நியாயமும் ஒன்றையொன்று அடிக்கவில்லை. சென்னையில் எங்கள் அடுக்குமாடியில் இருபத்துநான்கு குடும்பங்கள். எல்லோரும் நல்லவர்கள். லிஃப்டில் புன்னகைப்பார்கள், தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்பார்கள். இத்தனை வருடங்களில் ஒருவர்கூட, வீட்டில் சோறு ஆக்குவது யார் என்று எங்களைக் கேட்டதில்லை.

(சரோஜாவும் ரம்யாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

மொரப்பூரில் மாதப்பன் எங்கள் பைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடைமேடைவரை வந்தார். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. போகலாமே என்றோம், போகவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடியே நின்றார். ரயில் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“ஏங்க, நீங்க நாலு ஊர் சுத்தினவங்க. இந்தக் கேரளாக்காரங்க செகப்பா, பெருசா ஒரு அரிசி சாப்பிடுவாங்களே, அது தருமபுரியில கெடைக்குங்களா?”

இளங்கோ அவர் பக்கம் திரும்பினான். “நீங்க எதைப் போட்டாலும் சாப்பிடுவாங்கண்ணா” என்றான்.

“அது எப்படிங்க?” என்றார் மாதப்பன், பையை அவன் கையில் கொடுத்துக்கொண்டே. “மொத மொத வூட்டுக்கு வர்ற புள்ள. களியைப் போட்டு பயமுறுத்தச் சொல்றீங்களா?”