துரைசாணி எறிந்த ஆர்க்கிட்

இந்த நாட்டில் மண்ணே இல்லாமல் செடி வளர்க்கிறார்கள். சட்டியில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டு அதன்மேல் ஆர்க்கிட்டை உட்கார வைக்கிறார்கள். வேர் அந்தரத்தில் தொங்குகிறது. கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் வெள்ளைக்காரத் துரையின் பங்களா வராந்தாவில் அதைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் சேலத்தில் இப்படி வைத்தால் ஒரே வெயிலில் சருகாகிவிடும்.

என் புருஷன் மாரிமுத்து அந்தப் பங்களாவின் தோட்டக்காரர். பூத்து ஓய்ந்த செடி ஒன்றைத் துரைசாணி குப்பையில் போடச் சொன்னபோது, மறுபடி பூக்க வைக்கிறேன் என்று கேட்டு வைத்துக்கொண்டார். பழைய பூந்தண்டைக் கணுவுக்கு மேலே வெட்டினார். காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றினார். வேர் வெளுத்த பிறகுதான் தண்ணீர் விடுவார். அவ்வப்போது, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் நான் அரிசி கழுவிய தண்ணீரை டின்னில் கொண்டுபோய் ஊற்றுவார். ஊரில் அது மாட்டுக்குப் போகும். இங்கே துரைசாணி செடிக்குப் போனது. அவளும் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

பிறகு காட்டில் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கி எடுத்தார்கள், அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடுமாம். ஒரு பிடி சோறுகூட வாசல் தாண்டக் கூடாது. புதிதாக வந்த காவலன் டின்னைத் திறந்தான். வெள்ளைத் தண்ணீர், அடியில் கொஞ்சம் குருணை. கஞ்சி என்றான். செடிக்கு என்றார் இவர். கஞ்சி குடிக்கிற செடியா என்று சிரித்துவிட்டு அவரை லோரியில் ஏற்றிப் போனார்கள்.

பங்களாவுக்கு ஓடினேன். துரைசாணி ஒருத்தி சொன்னால் விட்டுவிடுவார்கள்.

"தொரசாணியம்மா, அது ஒங்க செடிக்குக் கொண்டாந்த தண்ணின்னு போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

தோட்டத்துத் தமிழ் அவளுக்குத் தெரியும். சட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"பூ எப்ப வரும்?" என்று கேட்டாள்.

அவள் போலீசுக்குப் போகவில்லை. அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். சொந்த ஊருக்குத்தானே அனுப்பியிருக்கிறார்கள் என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. அவர் பிறந்தது இந்த லயத்தில். இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே பிறந்த நான் இங்கே இருக்கிறேன். இங்கே பிறந்தவர் அங்கே திரிகிறார்.

பூ வரவில்லை என்று துரைசாணி செடியை எறிந்தாள். எடுத்து வந்து வேலிக் கம்பத்தில் கட்டினேன். அவர் செய்ததையே செய்தேன். பூத்தது. துரைசாணி காரில் போகும்போது பார்த்துவிட்டு, பங்களாச் சமையற்காரர் வேலு அண்ணனை அனுப்பினாள்.

"அவங்க செடியாம், தங்கச்சி. குடுத்துரு லா, வம்பு எதுக்கு?"

"வேரு முள்கம்பியப் புடிச்சிருச்சுண்ணே. வேணும்னா வேலியப் பிரிச்சு எடுத்துக்கச் சொல்லுங்க."

இதுவரை யாரும் வரவில்லை. வேர் லயத்துப் பக்கம் கம்பியைச் சுற்றிக் கிடக்கிறது. தண்டு கம்பிக்கு வெளியே நீண்டு, பூவெல்லாம் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. அதன் முகத்தைப் பார்க்க, வாசலில் சோதனை கொடுத்துவிட்டுத்தான் நான் வெளியே போக வேண்டும்.