சிலிண்டரில் தொங்கும் வாசல் சாவி

இரவு ஷிப்ட் முடிந்து காலையில் மண்ணூர் நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் என் அம்மா ரத்னாவிடம் கீரை வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை. வயது அறுபத்தைந்து. அப்பா போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டி, கீரை விற்றே என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர். எங்கள் வம்சத்தில் நான்தான் முதல் பட்டதாரி. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு சந்தனமாரி அக்கா போன் செய்தார். "எழிலு, உங்கம்மா அடுப்புல பால வெச்சிட்டு வூட்டப் பூட்டிகினு போய்ட்டாங்க. ஒரே பொகை. பூட்ட ஒடச்சித்தான் அணைச்சோம்."

இது இரண்டாவது முறை. அம்மாவைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று, துணிமணி வைக்கப் பெரிய பை ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

"என்னோட வந்துடும்மா. இனிமே தனியா வேணாம்."

"உன் மூணாவது மாடில கீரை மொளைக்குமா?"

"வெளையாடாதம்மா. வூடே எரிஞ்சிருக்கும்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. "எனக்கு மறதி கீது. அது எனக்கே தெரியும். இங்க வா."

சமையலறையில் கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரில் வாசல் கதவின் புதுப் பூட்டுச் சாவி கயிற்றில் தொங்கியது.

"பூட்டணும்னா சாவி வேணும். சாவி வேணும்னா கேஸாண்ட வரணும். வந்தா மூடுவேன் இல்ல?"

எங்கள் ஆலையில், இயந்திரத்தை நிறுத்தினால்தான் அதன் கூண்டுக் கதவைத் திறக்கும் சாவி கழன்று வரும். நான் வேலைக்குச் சேர்ந்து பயிற்சியில் கற்றதை அம்மா ஒரு வாரத்தில் தானே யோசித்துச் செய்திருந்தார்.

ஆனாலும் கேட்டேன். "அவசரத்துல சாவிய மட்டும் புடுங்கிகினு போனா?"

சாவியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "போவேன்தான். அதுக்கு நீ எதுனா பண்ணு. இன்னாத்துக்குடா உன்ன படிக்க வெச்சேன்?"

அடுத்த ஞாயிறு ஒரு தகடு வெட்டிக்கொண்டு போய் ரெகுலேட்டரில் மாட்டினேன். கேஸை மூடினால்தான் சாவி அதிலிருந்து கழலும். அம்மா ஏழெட்டு முறை அதை ஏமாற்றப் பார்த்தார். முடியவில்லை. உடனே சந்தனமாரி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எழிலு செஞ்சதா?" என்றார் அக்கா.

"ரோசனை என்னுது. தகடு மட்டும் அவன்து."

கிளம்பும்போது, துணிமணிக்காகப் போன வாரம் நான் கொண்டுவந்து விட்டுப் போயிருந்த பையில் கீரைக்கட்டுகளை நிறைத்துக் கொடுத்தார். மறுநாள் ஷிப்டில் எல்லாருக்கும் பங்கு வைத்தேன், யாருடைய ரோசனை என்பதையும் சொல்லி.