வெற்றிலைத் தட்டில் யாரும் கைவைக்காத நாள்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. எட்டாவது படித்திருந்தாலும் கல்யாணமாகி வந்ததிலிருந்து நடவும் களையெடுப்பும்தான் பிழைப்பு.

பக்கத்து வீட்டுக்காரி என் வயதுக்காரி. நடவில் அவளும் நானும் எப்போதும் அடுத்தடுத்துதான் நிற்போம். ஓயாமல் பேசுவாள். அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நட்டால் இடுப்பு வலி தெரியாது.

அந்தக் காலத்தில் நடவு ஆட்களுக்குக் கூலியோடு வெற்றிலை, பாக்கு, புகையிலையும் கொடுப்பார்கள். காலை பத்து மணிவாக்கில் நிலத்துக்காரர் தட்டோடு வரப்பில் வருவார். முன்பெல்லாம் இலைப் புகையிலையைக் கிள்ளித் தருவார்கள். பிறகு கடைகளில் கம்பெனிப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தன. தட்டிலும் அவையே வந்தன. விடியும் முன் கூழைக் குடித்துவிட்டு இறங்கினால், மதியம் தாண்டித்தான் சோறு. கன்னத்தில் கொஞ்சம் அடக்கிக்கொண்டால் பசி தெரியாது. எல்லோரும் அடக்கினோம். நானும்தான்.

முதலில் அவள் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ படிந்தது. "சுண்ணாம்பு பொத்துப்போச்சு மே" என்று சிரித்தாள். பிறகு அது புண்ணானது. படிகாரத் தண்ணீரில் கொப்பளித்தாள், நெய் தடவினாள். ஆறவில்லை. வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு வைப்பதே பாடாகிவிட்டது. அப்போதும் வேலைக்கு வந்தாள். வலி தெரியாமலிருக்க, அந்தப் புண் மேலேயே புகையிலையை அடக்கிக்கொள்வாள்.

மறியல் நடந்த வாரத்தில், புளியமரங்களை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது. ஒரு நாள் காலை அவள் வாயிலிருந்து ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. எத்தனை துணி வைத்தும் நிற்கவில்லை. அவள் புருஷன் யாரிடமோ கேட்டு மாட்டுவண்டி கட்டினார். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் மரத்தருகே பத்துப் பதினைந்து இளைஞர்கள் நின்றார்கள். "வண்டி போவாது, திரும்பிக்குங்க" என்றான் ஒருவன். நான் அவள் முகத்தின் மேலிருந்த துணியை விலக்கினேன். பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த நொடி, "டேய், மாட்ட அவுருங்கடா! எல்லாரும் வண்டியப் புடிங்க!" என்று கத்தினான். அவளை உள்ளே வைத்தபடியே வண்டியை மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை வழியில் கிடந்த மரங்களையெல்லாம் அப்படித்தான் தாண்டினோம். நீங்கள் எந்தத் தெரு என்று அன்றைக்கு எங்களை யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தினார்கள். டாக்டரம்மா வெளியே வந்ததும் அவள் புருஷன் கையெடுத்துக் கும்பிட்டார். "ரோடெல்லாம் மறிச்சிக்கினாங்கம்மா. அதாங்க நேரமாய்ப்போச்சு" என்றார்.

"ரோட்டால ஆன தாமதம் இல்லப்பா இது. அந்த வெள்ளை வந்தப்பவே கொண்டாந்திருக்கணும். புகையிலையால வந்த புத்துநோய்" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் தெருப் பொம்பளைகளின் வாய்க்குள் அதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பாதை திறந்ததும் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கக் கன்னத்தையும் தாடையையும் எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தவள் சொல்வது எனக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும்தான் புரிந்தது.

மார்கழிக் கடைசியில் நவரை நடவு தொடங்கியது. ஒரு நாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தடுமாறித் தடுமாறி வரப்பில் வந்தாள். "வூட்ல கெடன்னு சொன்னா கேக்க மாட்டியா?" என்று நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். தட்டு வரட்டும் என்று குழறலாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நிலத்துக்காரர் வந்தார். சேற்றுக் கையைக் கழுவிவிட்டுப் பெண்கள் கூடினார்கள். அவள் தட்டுக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்து, முந்தானையை முழுதாக எடுத்தாள்.

அதுவரை அந்த முகத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை. ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ஒருத்தி விம்மி அழுதாள். தட்டில் யாரும் கைவைக்கவில்லை.

"இன்னா நின்னுகினு இருக்கீங்க? எடுங்க, நேரமாவுது" என்றார் நிலத்துக்காரர்.

"வேணாங்க" என்றேன். என் குரலா என்று எனக்கே தெரியவில்லை.

"வேணான்னா வுடுங்க. எனக்கென்ன?"

"பசிக்குத்தாங்க இத அடக்கறோம். அதுக்குப் பதிலா எதனா துன்றதுக்குக் குடுங்க. வேவவெச்ச கடலையா இருந்தாலும் சரி."

"புதுசு புதுசா வழக்கம் பண்றீங்களா? இஷ்டம் இருந்தா எறங்குங்க, இல்லாட்டி போய்க்கினே இருங்க!"

யாரும் சேற்றில் இறங்கவில்லை. பிடுங்கிப் போட்ட நாற்று வெயிலில் கிடந்தது. அன்றைக்குக் கூலி இல்லாமல்தான் வீடு திரும்பினோம். நாளைக்கு வேறு ஊர் ஆட்களைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது?

மறுநாள் நிலத்துக்காரர் ஆளனுப்பினார். தயங்கித் தயங்கிப் போனோம். பத்து மணிக்கு அவர் மனைவி குண்டான் நிறைய அவித்த வேர்க்கடலையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்தார். என் தோழிக்கென்று தனியாக ஒரு சொம்பில் கஞ்சி வடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொரு கை கடலையை அள்ளிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் நடவு செட்டில் ஒரு பழக்கம் வந்தது. வயலில் இறங்குமுன் வெயில் பக்கம் திரும்பி நின்று, ஒருத்தி வாயை இன்னொருத்தி பார்ப்போம். முதலில் கூச்சமாகச் சிரிப்போம். ஒருத்தி கன்னத்தில் அதே வெள்ளையைக் கண்டபோது சிரிப்பு நின்றுபோனது. நாங்கள் இரண்டு பேர் அவளோடு கூடப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். புகையிலையை அடியோடு விட்டு, சொன்ன நாளுக்கெல்லாம் தவறாமல் போய்க் காட்டினாள். அவள் பிழைத்துப் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டாள்.

எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். சிலர் ஒளித்து ஒளித்துப் போட்டார்கள். கடையில் சரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பல நிலங்களில் பழைய தட்டுதான் வந்தது. ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துபோனதால், ஒவ்வொரு பட்டத்திலும் கேட்டோம்.

என் தோழி அந்தப் பங்குனியிலேயே போய்விட்டாள். கடைசி நாட்களிலும், நான் வேலையிலிருந்து வந்ததும் கையைக் குவித்துக் காட்டி, கடலை கொடுத்தார்களா என்று கேட்பாள். கொடுத்தார்கள் என்றால் கண்ணை மூடிக்கொள்வாள்.

மறைத்து வைத்துக்கொள்ள எல்லா நியாயமும் இருந்த முகத்தை எங்களுக்காக அவள் திறந்து காட்டினாள். இன்றைக்கும் எனக்கு வேண்டியதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும்போதெல்லாம், அந்த வரப்பில் அவள் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறேன்.