கொஸ்லந்த கெப்புக்குக் கருவி தேர்ந்த நாட்கள்

கருவிக் கடைக்கு வருகிறவர்கள் கருவியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. கையைக் காற்றில் ஒரு திருப்புத் திருப்பிக் காட்டிவிட்டு, நாம் எடுத்துத் தருவோம் என்று நின்றுகொண்டிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களே, உங்களுடையது புடவைக் கடையானாலும் மருந்துக் கடையானாலும் இது உங்களுக்குப் புரியும். பதுளைக் கடைவீதியில் ரஷீத் முதலாளியின் கடையில் நான் நெடுங்காலமாக நிற்கிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓர் இயந்திரத்தையும் கழற்றிப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்களின் கைகள் காற்றில் வரைந்த இயந்திரங்கள் மட்டுமே எனக்குப் பழக்கம். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் கடையில் ஆள் இருக்காது. அப்போது அந்த இயந்திரங்கள் எல்லாம் கண்ணாடிக்கு மேலே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும்.

சவர்க்காரத்தில் ஒரு பூ

அப்படி ஒரு மழையில்தான் பரமேஸ்வரி வந்தார். கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வசிப்பவர். பல வருடம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பி, பழைய டீசல் கெப் ஒன்றை, பின்னால் சாமான் ஏற்றுகிற சிறு வண்டியை, வாங்கியிருந்தார். அப்புத்தளைப் பக்கத்து மரக்கறியைப் பதுளைச் சந்தைக்கு ஏற்றுவது தொழில். ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவருடைய கணவர் சிவலிங்கம், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டும் பிட்டராக இருந்தவர். இப்போது வண்டி குளிர்ந்த காலைகளில் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோகிறதாம். வெயில் ஏறிய பிறகு புறப்பட்டால் சந்தை முடிந்திருக்கும். “வண்டி ஓடினா நான் வீட்டுல இருப்பேன் அண்ணே. ஓடலன்னா ஏஜென்சிக்காரன் சொல்ற தேதிக்குத் திரும்பக் கெளம்பணும். மக இந்த வருசந்தான் பரீட்சை எழுதுறா” என்றார். விலை கேட்பதைப்போலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு எந்த ஸ்பேனரும் பொருந்தவில்லை. அதன் தலையைப் படமாக வரையத் தெரியாமல், சிவலிங்கம் அதன்மேல் ஒரு குளிக்கிற சவர்க்காரத்தை அழுத்தி எடுத்து அனுப்பியிருந்தார். பரமேஸ்வரி கைக்குட்டையை அவிழ்த்தார். இளஞ்சிவப்புச் சவர்க்காரத்தில் ஆறு முனையோடு ஒரு நட்சத்திரக் குழி. வெளிப்பக்கம் நட்சத்திரமாக உள்ள போல்ட் அது. உள்பக்கம் நட்சத்திரமாக, அதன்மேல் கவிழ்த்துத் திருப்புகிற சொக்கெட் வேண்டும். நான் ஒவ்வொரு சொக்கெட்டாக எடுத்து அந்தக் குழியின் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். மழைநாளில் அது அவசரப்படுகிற வேலையாக இல்லை. முதலாளி சவர்க்காரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“வாசமும் இரிக்கி, பூவும் இரிக்கி. தங்கச்சி, இதுக்கு சொக்கெட் தரவா, மாலை கட்டித் தரவா?”

முன் ஆசனத்தில் வந்தவர்

போல்ட் கழன்றது, இன்ஜெக்டர் கழலவில்லை. கரி பிடித்து உள்ளேயே இறுகியிருந்தது. சிவலிங்கம் அலவாங்கை, அந்தக் கடப்பாரையை, போட்டு நெம்பப் பார்க்கிறார் என்று பரமேஸ்வரி போனில் சொன்னதும், உடனே நிறுத்தச் சொன்னேன். நெம்பினால் இன்ஜெக்டர் வளையும், அது இருக்கிற இடமும் பழுதாகும். இதற்கென்று இழுகருவி உண்டு. நீளமான கம்பி, அதில் வழுக்கி ஓடும் ஒரு கனமான குண்டு. கம்பியை இன்ஜெக்டரில் முடுக்கிவிட்டு, குண்டை நம் பக்கமாக அடித்து அடித்து நேராக இழுக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை வேலைக்காக அதை யாரும் வாங்க மாட்டார்கள். வாங்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது.

எங்கள் ஊவா மலைநாட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய கருவிகள் வண்டி பழுது பார்க்கும் ஒரு கராஜில் ஒன்று, இன்னொரு கராஜில் ஒன்று என்று கிடக்கும். கேட்டால் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். வேண்டியவர் சந்தியில் நின்று வாங்கிக்கொள்வார். வேலை முடிந்தால் அதே பஸ்ஸில் திரும்பும். எந்த நேரத்திலும் இந்த மலைகளில் ஏதோ ஒரு வளைவில், ஏதோ ஒரு ஆசனத்துக்குக் கீழே, ஒரு கருவி பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஒரு அமைதி வரும். இன்ஜெக்டர்களைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் ஒரு கராஜில் கேட்டு அனுப்பிய இழுகருவியும் அப்படித்தான் திரும்பியது. சாக்குக்குள் நிமிர்ந்து நின்ற அதை, மதகுருமாருக்கு ஒதுக்கிய முன் ஆசனத்தில் யாரோ சாய்த்து வைத்திருக்கிறார்கள். கண்டக்டர் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

“பண்டாரவளையில அவ்ளோ சனம் ஏறிச்சு அண்ணே. ஒருத்தராவது இந்தச் சாமியார எழுப்பணுமே!”

டிக்

இன்ஜெக்டர்களைச் சிவலிங்கம் துடைத்துத் திரும்பப் பூட்டினார். அடுத்தது இயந்திரத்தைக் குளிரில் சூடாக்குகிற குளோ பிளக்குகள். பழையவை எரிந்துபோயிருந்தன. விரல் தடிப்பில் இருக்கும் அந்தப் பிளக்கைக் கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் உள்ளேயே முறிந்துவிடும். முறிந்த துண்டை எடுக்க இயந்திரத்தின் தலையையே கழற்ற நேரும். அதனால் ஆழமான சொக்கெட்டோடு, அளவு வைத்து முடுக்குகிற சின்ன டோர்க் ரெஞ்ச் ஒன்றையும் எடுத்து வைத்தேன். பெரியது மலிவு, ஆனால் அது சக்கர நட்டுக்கானது, இவ்வளவு மெல்லிய முடுக்கு அதன் கைக்குத் தெரியாது. வைத்த அளவு வந்ததும் சின்னது ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும்.

பரமேஸ்வரி அதை நம்பவில்லை. கவுன்டர் ஓரத்தில் சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் ஒரு போல்ட்டைப் பிடித்துக் கொடுத்தேன். திருப்பினார். டிக். தளர்த்தித் திரும்பவும் திருப்பினார். டிக். வெளியே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. அவர் காதைக் கருவிக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, இன்னொரு தடவை திருப்பினார். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வைஸ் தேய்கிறது என்று முதலாளி சொல்லியிருப்பார். அன்று அவரும் காதைக் கொஞ்சம் சாய்த்தார்.

“இதுக்கு மேல போகக்கூடாதுன்னு இதுக்குத் தெரியுது பாருங்க. இந்தப் புத்தி எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு இருந்திருந்தா நான் ஏன் அண்ணே அரபு நாட்டுக்குப் போறேன்?”

நாலும் பாதி

புதிய பிளக்குகளைப் போடுவதற்கு முன்னால், அந்தத் துளைகள் வழியாகவே கம்ப்ரஷன் பார்த்துவிடுவது நல்லது என்று நான்தான் சொன்னேன். சிலிண்டர்கள் காற்றை ஒழுங்காக அழுத்துகின்றனவா என்று காட்டுகிற மானி அது. பெட்ரோல் வண்டிக்கான மானி எங்கள் கடையில் இருந்தது. டீசலின் அழுத்தத்துக்கு அது தாங்காது. வெடித்து முகத்தில் அடிக்கும். டீசல் மானி பண்டாரவளைப் பக்கம் ஒரு லொறி கராஜில் இருந்தது. வழக்கம்போல பஸ்ஸில் போயிற்று.

அடுத்த முறை பரமேஸ்வரி வந்தபோது ஒரு பையைக் கவுன்டரில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நட்சத்திர சொக்கெட், ஆழமான சொக்கெட், டோர்க் ரெஞ்ச். எல்லாவற்றையும் துடைத்து, டோர்க் ரெஞ்சைச் சின்னத் துவாய்த் துண்டில் சுற்றியிருந்தார். கடைசியாக, கராஜுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி அந்த மானி. நான்கு சிலிண்டரிலும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லையாம். வண்டி குளிரில் எழும்பாததற்கும் கணக்குச் சரியாக வந்தது: இயந்திரம் முடிந்தது. மறுநாள் காலையில் வெளிநாட்டு மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக ஏஜென்சி வான் தோட்டத்துச் சந்திக்கு வருகிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

“நாலும் ஒண்ணா கெழடு தட்டிருச்சாம் அண்ணே. சொக்கெட்ட ஒரு நாளுதான் பாவிச்சோம், டிக் போடுறதத் தொடவே இல்ல. திருப்பி எடுப்பீங்களா?”

நெற்றி

சங்கடம் வந்தால் கடைக்காரன் செய்வதைத்தான் நானும் செய்தேன். கையில் கிடைத்த சாமானைத் துடைக்கத் தொடங்கினேன். மானியின் கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டு காய்ந்திருந்தது. ஆயுத பூசை முடிந்து அப்போது சில நாட்கள்தான். அந்தக் கராஜில் எல்லாக் கருவிகளையும் கழுவி, வாழை இலையில் வரிசையாகப் படுக்கவைத்துப் பொட்டு வைத்திருப்பார்கள். சுத்தியலுக்குத் தலை உண்டு. ஸ்பேனருக்கும் ஒரு முகம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு குழாய்க்கு நெற்றி எங்கே இருக்கிறது?

மானியின் குழாயைத் திருப்பினேன். பிளக் துளையில் முடுக்குகிற அதன் முனை லேசாக மஞ்சளாக இருந்தது. வாயில் வைத்து ஊதினேன். மூச்சு சிணுங்கிக்கொண்டு, பாதிதான் போயிற்று. முதலாளி ஒரு மெல்லிய கம்பியை நீட்டினார். குத்திச் சுழற்றிக் கவிழ்த்ததும், கண்ணாடியின்மேல் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக விழுந்தது. எண்ணெயும் இரும்புமாக மணக்கிற கடையில் சற்று நேரம் கோயில் மணந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று சிலிண்டரிலிருந்து சரியாகத்தான் வந்திருக்கிறது. வழியில் சந்தனம் மறித்திருக்கிறது. அல்லது மறித்திருக்கலாம். இயந்திரம் உண்மையிலேயே முடிந்தும் இருக்கலாம். திரும்பவும் முடுக்கிப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. பரமேஸ்வரி ஒரு விரலால் பொடியைத் தொட்டார். பழக்கத்தில் விரல் நெற்றிக்குப் போகப் பார்த்தது, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“சாமி, நல்லா வையின்னு ஒன்னக் கேட்டா, பிளேன் ஏத்தி விடப் பாத்தியே!”

அவர் எல்லாவற்றையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, மானியை மடியில் வைத்தபடி, அடுத்த பஸ்ஸில் போனார்.

ஒரு தகவல்

மானியைத் தந்த பண்டாரவளைக் கராஜ்காரருக்குச் சொல்லிவிடுவது மரியாதை என்று முதலாளி நினைத்தார். நான் போன் எடுத்து, சந்தனத்தின் கதையை முடிந்த அளவு பணிவாகச் சொன்னேன். பூசையைக் குறை சொல்லவில்லை, குழாயின் முனையைத்தான் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பின்னால் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“அப்ப பூசைக்கு மறுநாள் அந்த மானியப் பாத்துட்டு எஞ்சின எறக்கிப் போட்டேனே, அந்த லொறி?”

காலையில் வந்த சத்தம்

மறுநாள் முதலாளி இரும்புக் கதவைப் பாதி தூக்கியிருந்தார். பதுளையில் வெயில் வந்துவிட்டது. மேலே மலைகள் இன்னும் மூடித்தான் கிடந்தன. போன் அடித்தது. பரமேஸ்வரியின் எண். “ஹலோ” என்றேன். தூரத்தில் ஒரு சேவல். ஈரமான இடங்களில் போனில் கேட்குமே, அந்த வெறும் காற்று. பிறகு ஸ்டார்ட்டர் சுற்றுகிற சத்தம். சுற்றியது; நின்றது. முதலாளி கதவைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் போனைச் சத்தமாக வைத்துக் கண்ணாடியின்மேல் படுக்கவைத்தேன்.

இரண்டாம் தடவை அது இருமியது. ஒரு சிலிண்டர் வந்ததுபோல, இன்னொன்று யோசிப்பதுபோல இருந்தது. பிறகு நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. கண்ணாடிக்குக் கீழே சொக்கெட்டுகள் மெல்ல அதிர்ந்ததாக எனக்குத் தோன்றியது. போன் சத்தத்துக்கு அவை அதிராது என்று தெரியும். அந்தக் கெப் என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அது அந்தப் பனியில் நின்று நடுங்குவதையும், பின்னால் வெள்ளைப் புகை மெலிந்து மெலிந்து நிறமில்லாமல் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆண் குரல், சத்தத்தை மீறிக் கத்தியது. அதுவரை நான் கேட்டிராத குரல்.

“அண்ணே, நான் சிவலிங்கம்! மானி நல்லா காட்டுச்சு, வண்டி ஓடுது! சந்தியில ஏஜென்சி வான் வந்து நிக்குது, எம் பொண்டாட்டி கெப்புக்குள்ள ஏறி கதவப் பூட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குது!”

சரியான கருவியைத் தேர்ந்து கொடுப்பதில் ஒரே ஒரு நட்டம்தான்: அதன் பிறகு அவர்கள் கடைப்பக்கம் வருவதே இல்லை.